ப்ராக்ஸி சர்வர் யாருக்காக யாரிடம் பேசுகிறது?

பணியாளர்களின் கணினிகளுக்குப் பதிலாக இணையத்தோடு பேசும் இடைத்தரகர்தான் ப்ராக்ஸி சர்வர். அதைச் சோதித்தாயிற்று என்று ஒரு நிறுவனத்தில் சொன்னால், தடைசெய்யப்பட்ட நாலைந்து தளங்களை யாரோ ஒருவர் உலாவியில் தட்டிப் பார்த்து, அவை திறக்கவில்லை என்று குறித்துக்கொண்டார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அந்தச் சோதனை தேவையானதுதான் என்றாலும், அது பணியாளர்களைச் சோதிக்கிறதே தவிர ப்ராக்ஸியைச் சோதிப்பதில்லை. நெட்வொர்க்கின் உள்ளே இருக்கும் பல சர்வர்கள் ப்ராக்ஸியின் ஐபி முகவரியை நம்பகமான முகவரியாக ஏற்றுக்கொண்டிருக்கும் நிலையில், அந்த முகவரியை யாரெல்லாம் இரவல் வாங்க முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

இரவல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2002-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் நடந்தது போதுமான சான்று. ஏட்ரியன் லாமோ என்ற இளைஞர், தவறாக அமைக்கப்பட்டு இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த ப்ராக்ஸி சர்வர்கள் வழியாக அந்த நாளிதழின் உள்நெட்வொர்க்குக்குள் நுழைந்து, கருத்துப் பக்கங்களில் எழுதுவோரின் தனிப்பட்ட விவரங்கள் அடங்கிய தரவுத்தளத்தைப் பார்த்ததோடு, அதில் தம் பெயரையும் சேர்த்துவைத்தார். வெளியே போவதற்காக வைத்த வழி உள்ளே வருவதற்கும் பயன்பட்டது. அவர் 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாத வீட்டுக்காவலும், ஏறத்தாழ 65,000 டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன. அனுமதியின்றி நுழைவது நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுக்குள் வருவதால், இனிச் சொல்லும் சோதனைகள் அனைத்தும் நெட்வொர்க்கின் உரிமையாளரிடம் எழுத்துவடிவில் அனுமதி பெற்ற பிறகே செய்யத்தக்கவை.

பரவலாகப் பயன்படும் ப்ராக்ஸி மென்பொருளான ஸ்க்விட்டையே எடுத்துக்கொள்கிறேன். அது தன் அனுமதி விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு முடிவெடுத்துவிடும். எந்த விதியும் பொருந்தாவிட்டால், கடைசி வரியில் இருப்பதற்கு நேர்மாறானதைச் செய்யும். ஆகவே, ஏதோ ஒரு துறையிலிருந்து வந்த புகாரை அவசரமாகத் தீர்ப்பதற்காக, உள்நெட்வொர்க் முழுவதையும் அனுமதிக்கும் வரியை யாராவது கோப்பின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டால், உள்ளிருந்து வரும் கோரிக்கைகளைப் பொறுத்தவரை அதற்குக் கீழே உள்ள தடைகள் அத்தனையும் கோப்பில் அழகாக இருந்துகொண்டே எந்த வேலையும் செய்யாமல் போய்விடும். ஒரு கணினி தன்னையே குறிக்கப் பயன்படுத்தும் லூப்பேக் முகவரிக்கு (127.0.0.1) வரும் கோரிக்கைகளை மறுக்கும் வரி, ஸ்க்விட்டின் பழைய பதிப்புகளின் இயல்பு அமைவுக் கோப்பில் செயல்படாத குறிப்பாகவே தரப்பட்டிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சோதனையைச் சாதாரணப் பணியாளர் ஒருவரின் கணினியிலிருந்து தொடங்கலாம். இணையக் கோரிக்கைகளை அனுப்பும் கர்ல் கட்டளைக்கு ப்ராக்ஸியின் முகவரியையும், ஸ்க்விட் வழக்கமாகப் பயன்படுத்தும் 3128 என்ற போர்ட்டையும் (இணைப்புக்கான வாயில் எண்) கொடுத்து, 127.0.0.1, ப்ராக்ஸியின் சொந்த உள்முகவரி, சர்வர் நிர்வாகத்துக்கென ஒதுக்கப்பட்ட பிரிவில் உள்ள முகவரிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கிளவுடில் இயங்கும் ப்ராக்ஸியாக இருந்தால் 169.254.169.254 என்ற முகவரியை விட்டுவிடக் கூடாது; கிளவுட் சர்வர் தன் விவரங்களையும் தற்காலிக அணுகல் சாவிகளையும் கேட்டுப் பெறும் முகவரி அது. 2019-இல் கேப்பிட்டல் ஒன் வங்கியின் வெப் ஃபயர்வால் இந்த முகவரிக்கான கோரிக்கையைக் கடத்திவிட்டதில் தொடங்கித்தான், அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் வெளியேறின.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இப்படி அனுப்பும் கோரிக்கைகளில் இரண்டை எடுத்துக்கொண்டால், இரண்டுக்குமே ஸ்க்விட்டின் பிழைப்பக்கம் திரும்பி வரலாம். ஆனால் ஒன்றில் நிலைக்குறியீடு 403 என்றும் மற்றொன்றில் 503 என்றும் இருக்கும். 403 என்பது விதி மறுத்தது என்று பொருள். எண் முகவரியைக் கேட்டதற்கு 503 வந்தால், விதி அனுமதித்து, ப்ராக்ஸி அந்த முகவரியைத் தொடர்புகொள்ள முயன்று, அந்தப் போர்ட்டில் அப்போது எதுவும் கிடைக்காமல் திரும்பியது என்றே பெரும்பாலும் பொருள். நாளை அங்கே ஒரு சர்வீஸ் ஓடத் தொடங்கினால் பாதை தயாராக இருக்கிறது. பிழைப்பக்கம் வந்ததைக் கண்டதுமே ‘தடுக்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண் முகவரிகளை முடித்த பிறகு, 127.0.0.1-ஐச் சுட்டும்படி நாமே அமைத்த ஒரு டொமைன் பெயரைக் கொடுத்து அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். பெயரை மட்டும் பார்க்கும் தடைகள் இதில் தோற்றுவிடும்.

ப்ராக்ஸி உள்ளடக்கத்தைப் பார்க்காமல் ஒரு சர்வருக்கு நேரடிக் குழாயைத் திறந்துவிடும் கனெக்ட் முறை தனியாகக் கவனிக்கத்தக்கது. ஸ்க்விட்டின் இயல்பு அமைவு அதை, பாதுகாப்பான இணையத் தளங்களுக்கான 443 என்ற போர்ட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. 22 (எஸ்எஸ்ஹெச்), 25 (மின்னஞ்சல்), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) ஆகியவற்றுக்குக் கேட்டுப் பார்த்தால் அந்த வரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். 2000-களின் தொடக்கத்தில் ஸ்பேம் அனுப்பியவர்கள் திறந்த ப்ராக்ஸிகளின் வழியே 25-ஆம் போர்ட்டைத்தான் தேடி அலைந்தார்கள்.

டிஎல்எஸ் எனும் மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பைப் பிரித்துப் பார்க்கும் ப்ராக்ஸிக்கு மேலும் ஒரு கடமை சேர்கிறது. பணியாளரின் உலாவி, தளத்தின் உண்மையான சான்றிதழைப் பார்ப்பதில்லை. ப்ராக்ஸி உருவாக்கித் தருவதை மட்டுமே பார்க்கிறது. காலாவதியான சான்றிதழை ப்ராக்ஸி கேள்வியின்றி ஏற்றுக்கொண்டால், உலாவியில் பூட்டுச் சின்னம் வழக்கம்போலவே தோன்றும். 2017 மார்ச்சில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யூஎஸ்-செர்ட் இதைப் பற்றித் தனியே எச்சரித்தது. சோதனைக்கெனவே உள்ள பேட்எஸ்எஸ்எல் தளத்தில் காலாவதியான, தானே கையெழுத்திட்ட, பெயர் பொருந்தாத சான்றிதழ்களுக்கெனத் தனித்தனிப் பக்கங்கள் இருப்பதால், இதைச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம்.

கடைசியாக, ப்ராக்ஸியைத் தொடாமலே வெளியே போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். உலாவியில் எந்த அமைவும் இல்லாமல் வழக்கமான டிசிபி இணைப்புகளை மட்டும் இடைமறிக்கும் ப்ராக்ஸிகளில், யூடிபி என்ற வேறு வகைப் போக்குவரத்தின் 443-ஆம் போர்ட் வழியே ஓடும் க்விக் (உலாவிகள் பயன்படுத்தும் புதிய இணைப்பு முறை) போக்குவரத்து சத்தமின்றிக் கடந்துபோய்விடும். ப்ராக்ஸியின் லாகில் அதன் சுவடே இருக்காது. யூடிபி 443-ஐ ஃபயர்வாலில் மூடிவிட்டால் உலாவிகள் தாமாகவே டிசிபிக்குத் திரும்பிவிடும் என்பதால், இந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் யாரிடமிருந்தும் புகார் வருவதில்லை.