எச்சரிக்கை வாசகத்துக்கு யார் பொறுப்பு?

இ-சிகரெட் பெட்டிகளின் ஆர்ட்வொர்க்கை அச்சுக்குப் போகும் முன் சட்டப்படி சரிபார்ப்பது என் வேலை. விற்பனைப் பிரிவு வாசனையைக் காட்டும் பழத்தின் படத்தைப் பெரிதாகக் கேட்கும். வடிவமைப்பாளர் வெற்றிடம் கேட்பார். எச்சரிக்கைக்காக வாதாட நான்தான் மிச்சம்.

அமெரிக்காவில் 2018 ஆகஸ்ட் முதல், நிகோடின் உள்ள இ-சிகரெட் பெட்டியின் இரண்டு முதன்மைப் பக்கங்களிலும் குறைந்தது 30 சதவீத இடம், நிகோடின் அடிமையாக்கும் என்ற எச்சரிக்கைக்கே. எழுத்து 12 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. வெள்ளையில் கறுப்பு அல்லது கறுப்பில் வெள்ளை. அந்தப் பக்கத்தின் மற்ற எழுத்துகள் ஓடும் திசையிலேயே இதுவும் ஓட வேண்டும். ஒருமுறை வந்த மாதிரிப் பெட்டியில் அளவும் நிறமும் சரியாக இருந்தன. வாசகம் மட்டும் செங்குத்தாக நின்றது. கழுத்தைச் சாய்த்தால்தான் படிக்க முடியும். உடனே திருப்பி அனுப்பினேன்.

தவறு நடந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது வழக்கம். "கொடுத்த ஃபைலைத்தான் அச்சிட்டோம்" என்பார் தயாரிப்பாளர். "வந்த பெட்டியைத்தான் விநியோகித்தோம்" என்பார் இறக்குமதியாளர். இந்த விளையாட்டுக்கு அமெரிக்க விதி இடமே வைக்கவில்லை. தயாரிப்பவர், பொட்டலமிடுபவர், இறக்குமதி செய்பவர், விநியோகிப்பவர், விற்பவர் என எல்லோரையும் அது பெயர்சொல்லிப் பிடிக்கிறது. சில்லறைக் கடைக்காரருக்கு மட்டும் ஒரு விலக்கு: பெட்டியில் எச்சரிக்கை இருக்க வேண்டும், உரிமம் பெற்றவரிடம் வாங்கியிருக்க வேண்டும், பெட்டியைக் குறிப்பிடத்தக்க வகையில் மாற்றியிருக்கக் கூடாது. வாசகத்தை மறைத்து விலை ஸ்டிக்கர் ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும். கடைக்காரர்களிடம் இதைச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை என்பது என் வருத்தம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆணையும் குறைந்தது 30 சதவீதம் கேட்கிறது. உள்பெட்டிக்கும் சரி, வெளிப்பெட்டிக்கும் சரி. எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டின் ஆட்சிமொழியில் வாசகம் இருக்க வேண்டும். ஒரே பெட்டியை எல்லா நாட்டுக்கும் அனுப்பலாம் என்ற ஆசை அங்கேயே முடிந்துவிடுகிறது.

"நிகோடின் அடிமையாக்கும் என்பது ஊருக்கே தெரியுமே" என்று அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாம்பழ வாசனையை நம்பி முதன்முறை வாங்குபவர் அதில் நிகோடின் இருப்பதையே யோசித்திருக்க மாட்டார். அந்த வாசகம் அவருக்காகத்தான்.

அப்புறம், ஒப்பந்தத்தில் "லேபிள் பொறுப்பு மறுதரப்புக்கே" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அபராதப் பணத்தைக் கடைசியில் யார் தருவது என்பதை வேண்டுமானால் அந்த வரி தீர்மானிக்கலாம்; அரசு யார்மேல் நடவடிக்கை எடுக்கும் என்பதை அது தீர்மானிக்காது. அதனால் ஃபைலுக்கு மட்டும் நான் ஒப்புதல் தருவதில்லை. அச்சாகி, மடித்து, மேலுறையும் சுற்றிய பெட்டி கைக்கு வந்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.