உன் நிலமாக இருந்தால்?

"உன் நிலமாக இருந்தால் எதை நடுவாய், பேட்டா?" என்று, ஆலோசனை கேட்ட அந்த ஆப்பிள் தோட்டக்காரப் பெரியவர் இந்தியில் கேட்டதும், யோசிக்காமல் "எம்எம் 111" என்று, ஆப்பிளை ஒட்டுக்கட்டும் வேர்ச்செடி ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டேன். இமாச்சலப் பிரதேசத்தில் கோட்காய் பக்கத்தில், காற்று நேராக வந்து அறைகிற மலைமுகடு அது. சொன்னது சரி என்றுதான் இன்றும் வாதாடுவேன்.

எம் 9 என்ற இன்னொரு வேர்ச்செடியின் வேரை எடுத்து வளைத்துப் பாருங்கள். கேரட் போலப் படக்கென்று முறியும். பட்டை கனம், உள்ளே கட்டை குறைவு. மூன்றாம் வருடமே காய்த்துவிடும்தான். ஆனால் மண் நனைந்து, மரத்தில் காய்ப்பாரமும் இருக்கும்போது காற்று பிடித்தால் சாய்ந்துவிடும். கம்பமும் கம்பியும் இல்லாமல் அதை வளர்க்க முடியாது. மற்றொரு வகையான எம்எம் 106 ஊன்றி நிற்கும். ஆனால் பெரியவருடைய கீழ்த்தட்டுகளில் நீர் தேங்கும் களிமண், அடிமரம் அழுகும் கழுத்தழுகல் நோய் வந்துவிடும். எம்எம் 111 முட்டுக் கொடுக்காமலே நிற்கும், வறட்சி தாங்கும், கம்பளி அசுவினிப் பூச்சியும் எளிதில் பற்றாது. வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "அப்போது கடிக்கப் பல் இருக்குமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உறுத்துவது அந்தச் சிரிப்புதான்.

பக்கத்துத் தோட்டக்காரர் கடன் வாங்கிக் கம்பி கட்டி, எம் 9-இல் காலா ரக ஆப்பிள் விற்றுக்கொண்டிருக்கிறார். சூறைக்காற்றில் அவருடைய கம்பம் ஒன்று ஒடிந்து, வரிசையே படுத்ததும் உண்மை. அன்று பெரியவரே போன் செய்து, தன் மரங்கள் அசையவில்லை என்றார். காயைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

விவரங்களை மட்டும் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விட்டிருக்க வேண்டும் என்கிறார் உடன் வேலை செய்பவர். "உன் நிலமாக இருந்தால்" என்று கேட்பவரிடம் அட்டவணையை நீட்டுவது நழுவல் இல்லையா? ஆனால் எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. காத்திருக்கப் போவதும் நான் இல்லை.

இந்தக் குளிர்காலம் அதே முகட்டிலிருந்து இன்னொருவர் வந்தார். எம் 9, எம்எம் 111 இரண்டுக்கும் செலவு, காய்க்கும் காலம், கம்பிக் கணக்கு எல்லாம் எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதையே நடுகிறேன்" என்றார்.