ஈடி ஆடம்ஸ் காப்பாற்றிய டேப்புகள்

அமெரிக்க நடிகை ஈடி ஆடம்ஸைச் சுருட்டு விளம்பரப் பாடகியாக மட்டும் நினைக்காதீர்கள். நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் குரல் பயின்றவர், 1957இல் நாடகத்துக்கான டோனி விருது வாங்கிய பிராட்வே மேடை நடிகை. 1962இல் கணவர், டிவி நகைச்சுவைக் கலைஞர் எர்னி கோவாக்ஸ் கார் விபத்தில் இறந்தபோது மிஞ்சியது பெரும் வரிக்கடன். மேடை, டிவி, விளம்பரம் என்று உழைத்தே அடைத்தார்.

நான் அவரைக் கொண்டாடுவது இன்னொன்றுக்காக. அன்று 2 அங்குல வீடியோ டேப் கொள்ளை விலை. அதனால் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள். டேப்புக்கு முந்தைய பதிவு முறையான கைனஸ்கோப், மானிட்டர் திரையையே ஃபிலிம் கேமராவில் பிடிப்பது. டிவிக்கு நொடிக்கு 30 ஃபிரேம், ஃபிலிமுக்கு 24. இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் கேமரா ஷட்டர் கொஞ்சம் பிசகினாலும் படத்துக்குக் குறுக்கே பட்டை விழும். இப்படி அழிந்தவை போக, கோவாக்ஸின் நிகழ்ச்சிகளில் மிஞ்சியவற்றை ஈடி சொந்தக் காசில் வாங்கிப் பத்திரப்படுத்தினார், மகராசி! டூமான்ட் என்ற பழைய அமெரிக்க டிவி நிறுவனத்தின் பதிவுகள் நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதாக 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக விசாரணையில் சாட்சி சொன்னவரும் இவரே.