வெக்ட்ரெக்ஸை ஆவணப்படுத்திய அனுபவம்

வெக்ட்ரெக்ஸ் என்ற பழைய வீடியோ கேம் கன்சோலை முழுமையாக ஆவணப்படுத்தி இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் சேர்க்கும் வேலையை நான் கையில் எடுத்தபோது, கார்ட்ரிட்ஜ்களில், அதாவது கன்சோலில் செருகும் விளையாட்டுப் பேழைகளில், இருக்கும் நிரல்களை நகலெடுத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும் என்றே நண்பர்கள் சொன்னார்கள். மற்ற கன்சோல்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் 1982 நவம்பரில் அமெரிக்காவில் 199 டாலருக்கு விற்பனைக்கு வந்த இந்தக் கருவி தொலைக்காட்சியோடு இணைக்கப்படுவதன்று. ஒன்பது அங்குலத் திரை அதன் உடலிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தத் திரையில் புள்ளிகளை வரிசையாக அடுக்கிப் படம் உருவாவதில்லை. எலக்ட்ரான் கற்றை, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓடி உருவங்களை வரைகிறது. திரைக்கு நிறமும் கிடையாது. வண்ணம் வேண்டுமென்றால் ஒளி ஊடுருவும் நெகிழித் தாள் ஒன்றைத் திரைக்கு முன்னால் செருக வேண்டும். ஓவர்லே எனப்படும் அந்தத் தாள் விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும். எனவே நிரலை மட்டும் காப்பாற்றினால், அன்று விளையாடியவர்கள் கண்ட காட்சி நம் கைக்கு வராது.

இந்தக் கன்சோலைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜே ஸ்மித் என்பவரின் நிறுவனம் வடிவமைத்து, ஜிசிஇ என்ற நிறுவனம் வெளியிட்டு, 1983இல் ஜிசிஇயை மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் வாங்கி, அதே ஆண்டு அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததில் அடிபட்டு, 1984இல் கதை முடிந்துபோன கருவி இது. பின்னர் உரிமைகள் ஸ்மித்திடமே திரும்பின. வணிக நோக்கமில்லாமல் நிரல்களை நகலெடுத்துப் பகிர்ந்துகொள்ள 1990களின் நடுவில் அவர் இசைவு தந்தார். பழைய விளையாட்டுகளை இணையத்தில் ஏற்றுவோர் எல்லோருக்கும் வாய்க்காத சலுகை அது. ஆயினும், ஸ்டார் காசில், ஸ்க்ராம்பிள் போன்றவை வேறு நிறுவனங்களின் ஆர்கேட் விளையாட்டுகளிலிருந்து, அதாவது பொது இடங்களில் காசு போட்டு ஆடும் இயந்திர விளையாட்டுகளிலிருந்து, வந்தவை என்பதால், அவற்றின் நிரல்களை நான் ஏற்றவில்லை. செக்சம் எண்களையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்கள்) புகைப்படங்களையும் மட்டும் பதிவு செய்தேன். இது தேவைக்கு மீறிய எச்சரிக்கை என்று சிலர் நினைக்கலாம். பின்னாளில் ஒரு கோப்புக்காக முழுத் தொகுப்பும் நீக்கப்படுவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

கார்ட்ரிட்ஜ்களைப் படிப்பது உண்மையிலேயே எளிய பகுதிதான். 36 தொடுமுனைகள் கொண்ட செருகியை மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சிப் கொண்ட பலகையோடு இணைத்து, முகவரிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, வரும் பைட்டுகளைக் கணினியில் சேமித்தால் போதும். பெரும்பாலான விளையாட்டுகள் நான்கு அல்லது எட்டு கிலோபைட் அளவே என்பதால் படிக்க அதிக நேரமும் ஆகாது. தொல்லை கொடுப்பது பித்தளை நிறத்துத் தொடுமுனைகளில் படிந்த அழுக்கு. ஒரு கார்ட்ரிட்ஜைப் படித்துக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, ஆரம்பத்தில் ஜிசிஇ என்று இருக்க வேண்டிய இடத்தில் எஃப்பிடி என்றும், 1982 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0882 என்றும் இருந்தது. எட்டுத் தரவு இணைப்புகளில் கடைசி பிட்டைச் சுமக்கும் ஒன்று தொடாமல் போனதால், எண்களாகச் சேமிக்கப்படும் எழுத்துகளில் ஒற்றைப்படை மதிப்புள்ள ஒவ்வொன்றும் ஒன்று குறைந்து பதிவாகியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்த பிறகு எல்லாம் சரியாக வந்தது.

கன்சோலை இயக்கியதும் அதனுள் இருக்கும் நிரல் முதலில் தேடுவதும் கார்ட்ரிட்ஜின் தொடக்கத்தில் உள்ள இந்த ஜிசிஇ வரியைத்தான். அது சரியாக இல்லையென்றால், கார்ட்ரிட்ஜே இல்லை என்று முடிவுகட்டி, உள்ளே பதிக்கப்பட்டுள்ள மைன் ஸ்டார்ம் விளையாட்டைத் தொடங்கிவிடும். எந்தக் கார்ட்ரிட்ஜைச் செருகினாலும் மைன் ஸ்டார்மே வருகிறது என்று சொல்லி மலிவாக விற்கப்படும் கார்ட்ரிட்ஜ்களில் பல பழுதானவையே அல்ல, அழுக்கடைந்தவை மட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியானாலும், ஒவ்வொன்றையும் கழற்றி மறுபடி செருகிப் படித்து, இரண்டு கோப்புகளின் செக்சம்களும் ஒத்துப்போன பிறகே அதை முடிந்த கணக்கில் சேர்த்தேன்.

வேலை கனத்தது திரையைப் படமெடுக்கும்போது. கன்சோலைக் கணினியில் போலச்செய்யும் எமுலேட்டர் மென்பொருளில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு, அது கோடுகளைப் பிக்சல்களாக மாற்றிய சித்திரம் என்பதைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். உண்மையான திரையில் கற்றை மெதுவாக ஓடும் இடம் பளிச்சென்றும் வேகமாக ஓடும் இடம் மங்கலாகவும் தெரியும். கோடுகள் சேரும் முனைகளில் சிறு ஒளிப்பொட்டுகள் விழும். கருவி சூடேறச் சூடேற, மூட வேண்டிய மூலைகள் மயிரிழை விலகி நிற்பதும் உண்டு. இவற்றைப் பதிவு செய்ய அறையை இருட்டாக்கி, கேமராவின் தானியங்கி அமைப்புகள் அனைத்தையும் நிறுத்த வேண்டியிருந்தது. கருவியின் நிரல் நொடிக்கு 50 முறை படத்தை மறுபடி வரையும்படி அமைக்கப்பட்டது. ஷட்டர் நேரம் ஐம்பதில் ஒரு நொடியைவிடக் குறைந்தால் உருவத்தின் ஒரு பகுதி வரையப்படுவதற்குள் படம் முடிந்துவிடும். விண்கலம் இருக்கும், மதிப்பெண் இருக்காது. கூடுதலாக வைத்தால் நகரும் உருவங்கள் இரட்டையாக விழும். அசைவில்லாத தலைப்புத் திரைகளுக்கு நீண்ட நேரமும், விளையாட்டுக் காட்சிகளுக்குச் சரியாக ஐம்பதில் ஒரு நொடியும் வைத்துக்கொண்டேன். உருவங்கள் மிகும் கட்டங்களில் கருவியே மூச்சு வாங்கி 50 என்ற கணக்குக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே எந்தக் கணக்கும் உதவாது, பல படங்களை எடுத்து முழுமையான ஒன்றைப் பொறுக்குவதுதான் வழி. காணொளியையும் நொடிக்கு 50 படச்சட்டங்கள் வீதம் எடுத்தபோதுதான் திரையின் துடிப்பு அடங்கியது.

ஓவர்லேக்களை நான் சாதாரண ஸ்கேனரில் முதலில் வைத்துப் பார்த்தேன். மூடியின் வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி தாளை இருமுறை கடப்பதால் நிறம் உண்மையைவிட அடர்த்தியாகப் பதிவாகிறது. அச்சிட்ட எழுத்துகளுக்கும் கீறல்களுக்கும் அந்த ஸ்கேன் போதும். நிறத்துக்கு அது உதவாது. ஆகவே சீரான வெளிச்சம் தரும் தட்டை விளக்கின் மேல் தாளை வைத்து, பக்கத்தில் வண்ண அளவீட்டு அட்டையோடு, மேலிருந்து கேமராவால் மறுபடி எடுத்தேன். பிறகு ஓவர்லேயைத் திரையில் பொருத்தி விளையாட்டு ஓடும்போதும் ஒரு படம். ஒரே தாளுக்கு மூன்று விதப் பதிவுகள் என்பது ஆடம்பரமாகத் தோன்றலாம், ஆனால் நிறம் ஏற்கனவே வெளுத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு இன்றைய நிலையைச் சொல்லும் சாட்சி இவைதாம்.

கையேடுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தைத்த கம்பிகளை மெல்ல எடுத்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, எந்த மெருகூட்டலும் இல்லாமல் டிஃப் கோப்புகளாக வைத்தேன்.

ஒலியில் மட்டும் சிறிது தயங்கினேன். தொடக்கத்தில் தயாரான வெக்ட்ரெக்ஸ் கருவிகளின் ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் இருக்கும். திரையில் வரையப்படும் உருவங்களுக்கேற்ப அது ஏறி இறங்கும். அதை மென்பொருளால் நீக்குவது எளிது. நீக்கவில்லை. வீட்டில் அந்தக் கருவியை வைத்திருந்தவர்கள் இசையோடு சேர்த்துக் கேட்டது அந்த இரைச்சலையுந்தான். ஒலிச் சிப்பின் தூய ஒலியைக் கேட்க விரும்புவோருக்கு எமுலேட்டர் இருக்கவே இருக்கிறது.

விவரக்குறிப்பு எழுதும்போது தேதிகள் என்னைப் படுத்தியெடுத்தன. நிரலின் முதல் வரியில் உள்ள ஆண்டு பதிப்புரிமை ஆண்டு. அது விளையாட்டு கடைக்கு வந்த தேதி அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதப்பட்ட பட்டியல்கள் இணையத்தில் ஒன்றிலிருந்து ஒன்று நகலாகிப் பெருகியிருக்கின்றன. அதனால் என் பதிவில் இரண்டுக்கும் தனித்தனிப் புலங்கள் வைத்து, வெளியீட்டுத் தேதிக்கு அக்கால விளம்பரம் போன்ற நேரடிச் சான்று கிடைத்தால் மட்டுமே நிரப்பினேன். பல புலங்கள் வெற்றாகவே இருக்கின்றன. மைன் ஸ்டார்முக்கு இதே கவனம் வேறு விதத்தில் தேவைப்பட்டது: உள்ளே பதிக்கப்பட்ட விளையாட்டு 13ஆம் கட்டத்தில் முடங்கும் என்பதால், புகார் செய்தவர்களுக்குத் திருத்திய நிரலை மைன் ஸ்டார்ம் 2 என்ற கார்ட்ரிட்ஜாக அனுப்பினார்கள். இரண்டையும் ஒரே பெயரின் கீழ் போட்டால் அந்த வரலாறே மறைந்துவிடும் என்பதால் தனிப் பதிவுகளாக வைத்தேன்.

எல்லாவற்றையும் இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்றியபின், ஒரு விளையாட்டின் செக்சம் தன்னிடம் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் எழுதினார். வேறு பதிப்பாக இருக்குமோ என்ற ஆவலோடு அவருடைய கோப்பை வாங்கிப் பார்த்தேன். நான்கு கிலோபைட் நிரலை அவருடைய கருவி எட்டு கிலோபைட் என்று எண்ணிப் படித்திருந்தது; சிப்போடு இணைக்கப்படாத முகவரிக் கம்பியால் அதே உள்ளடக்கம் இரண்டாம் பாதியிலும் திரும்ப வந்திருந்தது. பாதியை வெட்டியதும் செக்சம்கள் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. இப்போது ஒவ்வொரு பதிவிலும் செக்சமுக்குப் பக்கத்திலேயே கோப்பின் அளவையும் சேர்த்திருக்கிறேன்.