சிங்கப்பூர் – நியூயார்க்: நூல் போட்டு அளந்த கதை

அண்ணன் மகனுக்கு உலக உருண்டை வாங்கிக் கொடுத்தது நான்தான். வம்பும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரே போகிற விமானத்தில் ஏறப்போகிறேன் என்றதும் நூலோடு வந்து நின்றான். "எவ்வளவு தூரம் சித்தப்பா?"

உருண்டையின் விட்டம் 30 செ.மீ. நூல் பசிபிக் பக்கமாகப் போகும் என்றுதான் நினைத்தேன். இறுக்கிப் பிடித்ததும் அது நேரே வடக்கே ஏறி, உச்சியில் இருந்த அச்சுக் கம்பியில் முட்டிக்கொண்டது! சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104, நியூயார்க் மேற்கு 74. கூட்டினால் 178. கிட்டத்தட்ட அரைவட்டம். அப்படியென்றால் வடதுருவம் வழியாகப் போவதுதான் குறுக்குவழி. நூலின் நீளம் 36 செ.மீ.; ஒரு செ.மீ.க்கு சுமார் 425 கி.மீ. என்று பெருக்கிப் பார்த்தால் 15,300 கி.மீ. சொச்சம். உண்மையான தூரமும் ஏறக்குறைய 15,350தான். எனக்கே பெருமையாக இருந்தது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, "17 மணி நேரம்" என்றேன்.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். 18 மணி 50 நிமிடம். "கணக்கு தப்பு சித்தப்பா."

விடை ஏறி உட்கார்ந்த பிறகுதான் கிடைத்தது. எதிரே திரையில் விமானம் துருவத்தைச் சீண்டவே இல்லை; ஜப்பானை ஒட்டிப் பசிபிக்குக்குள் இறங்கியது. 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று அங்கே குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். அதன் முதுகில் ஏறிக்கொள்ளச் சுற்றிப் போனாலும் லாபம்தான். 2016-ல் ஏர் இந்தியா தன் டெல்லி – சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டு பசிபிக் வழியே திருப்பியது. தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடியது, நேரமோ குறைந்தது. ஆக, கிலோமீட்டரை வைத்து மணியைச் சொல்ல முடியாது. அப்புறம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேர்த்திதான்.

கடிகாரக் குழப்பம் தனி. செவ்வாய் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி, புதன் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கினோம். தேதிப்படி ஆறு மணி நேரம்! நடுவில் ஜன்னல் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். சூரியன் உதித்து, ஒரு முழுப் பகல் கழிந்து, மறைந்தும் போனது. திரும்பும்போது அந்தக் கடனை வட்டியோடு வசூலித்துவிடுகிறார்கள்: சனி இரவு ஏறினால் திங்கள் காலைதான் இறக்கிவிடுவார்கள்.

இதையெல்லாம் அவனிடம் விளக்கினேன். காற்று, ஓடுபாதை எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினான்.

"அந்தச் சூரியன் உதித்தது என்ன கிழமை சித்தப்பா?"

புதன் காலை உதித்தது. பசிபிக் நடுவே, கிழக்கே தாண்டினால் ஒரு நாள் பின்னுக்குப் போகும் தேதிக்கோட்டைத் தாண்டியதும் செவ்வாய் ஆகிவிட்டது என்றேன். உருண்டையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் கேட்கப் போய்விட்டான்.