பிளான்ல இருந்த 42 சென்ட் பூங்காவைத் தரைக்குக் கொண்டு வந்த அனுபவம்

ரெண்டு வருஷத்துக்கு மேல அலைஞ்சதை ஒரு தடவையாவது முழுசா எழுதி வைக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன். வேற நகர்ல இருக்கறவங்க யாராவது இதே மாதிரி மாட்டிக்கிட்டிருந்தா உதவும்.

நாங்க இருக்கறது காரைக்குடிக்கு வெளிய ஒரு ஊராட்சி எல்லையில. ஆறு ஏக்கர் லேஅவுட், 2009ல அப்ரூவல் ஆனது. இடம் வாங்கும்போது காட்டுன நோட்டீஸ்ல நடுவுல பச்சைக் கலர் அடிச்சு பூங்கான்னு போட்டிருந்துச்சு, அதுக்குப் பக்கத்துத் தெருவுலதான் வேணும்னு நான் அடம்பிடிச்சு பிளாட் வாங்குனோம். குடிவந்து பார்த்தா அங்க சீமைக் கருவேலம் ஆள் உசரத்துக்கு நிக்குது, வீடு கட்டுறவங்க உடைச்ச செங்கல், டைல்ஸ் துண்டு, சிமெண்ட் சாக்கு எல்லாம் அங்கதான் கொட்டுவாங்க. வருஷம் போகப் போக அது பூங்காங்கறதே எல்லாருக்கும் மறந்து போச்சு. பிள்ளைங்க ரோட்டுல விளையாடும். 2022 ஜூன்ல எதிர்த்த வீட்டுப் பையன், ஆறு வயசு, பந்து எடுக்க ஓடி பைக்ல அடிபட்டு கை எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டு வந்தான். அன்னிக்கு சாயந்திரம் மூணாவது வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "ஏந்த்தா, இத்தனை வீடு கட்டியிருக்கீக, பிள்ளைக ஓடியாட ஒரு பொட்டல் விட்டீகளா?"ன்னு கேட்டாக. எனக்கு பதில் சொல்ல வாய் வரல, ஏன்னா பொட்டல் விட்டிருக்காங்க, நாமதான் அதைக் குப்பைமேடாக்கி வச்சிருக்கோம்.

என் அப்பத்தா ஊர்ல ஊருணியச் சுத்தி எவ்வளவு இடம் கிடக்கும் தெரியுமா. ஓட்டுல விழுற மழைத்தண்ணி முற்றத்துக்கு வந்து, அங்கருந்து தெரு வாய்க்காலுக்குப் போயி, கடைசியில ஊருணியில சேரும். கரையில மரம், மரத்தடியில பெருசுங்க, கொஞ்சம் தள்ளி நாங்க கிட்டிப்புள் விளையாடுவோம். 2014ல யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தாங்கல்ல, வெறும் தேக்குத் தூணுக்கும் ஆத்தங்குடி டைல்ஸுக்கும் மட்டும் இல்ல, இந்த மாதிரி வீடு, தெரு, தண்ணி எல்லாத்தையும் ஒண்ணா யோசிச்சு ஊர் அமைச்சதுக்கும் சேர்த்துத்தான். அதே மண்ணுல இன்னிக்கு புது நகர் வந்தா முதல்ல மூடுறது தண்ணி வர்ற வரத்து வாய்க்காலைத்தான். 2024ல காரைக்குடி மாநகராட்சியே ஆயிடுச்சு, சுத்தி இருக்கற பொட்டல் எல்லாம் வேகமா பிளாட் ஆகுது. குடிக்கத் தண்ணி தர்ற சம்பை ஊத்தைப் பத்திப் பெருமையா பேசுற ஊர்ல மழை இறங்க மண்ணு மிச்சம் இருக்கணுமில்ல, அதை நினைச்சா வயித்துல புளியக் கரைக்குது.

சரி, விஷயத்துக்கு வரேன். முதல்ல நாங்க செஞ்சது தப்பு. பத்து வீட்டுக்காரங்க சேர்ந்து காசு போட்டு ஜேசிபி வச்சு முள்ளை எடுத்துட்டு நேரா மரம் நட்டுடலாம்னு கிளம்புனோம். ஊராட்சி அலுவலகத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்வோம்னு போனப்ப அங்க இருந்தவர் சொன்னார், "பிளான்ல இருந்தா போதுமாம்மா, ரெக்கார்டுல எங்க பேருக்கு வந்திருக்கான்னு பாத்தீங்களா?" அந்த ஃபைல் எங்க இருக்குன்னு கேட்டா மட்டும் யாருக்கும் தெரியல. மூணு தடவை போனேன், மூணு தடவையும் அடுத்த வாரம் வாங்கன்னாங்க. இதுக்கு நடுவுல ஒரு நாள் காலையில முன்பின் தெரியாத ரெண்டு பேர் அந்த இடத்துல டேப் பிடிச்சு அளந்துட்டு இருந்தாங்க. என்னண்ணே அளக்குறீங்கன்னு கேட்டேன், பிளாட் வரப்போகுதும்மான்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

என் வீட்டுக்காரரோட கூடப் படிச்சவர் ஒருத்தர் வக்கீல். அவர்தான் எல்லாத்தையும் புரிய வச்சார். இப்ப இருக்கற விதி தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019. அதுபடி 10,000 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டா, ரோடு போக மிச்ச இடத்துல 10 சதவீதம் பொதுத் திறந்தவெளியா விட்டு, காசு வாங்காம தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் குடுத்தே ஆகணும். 3,000த்துல இருந்து 10,000 வரைக்கும்னா இடத்துக்குப் பதிலா பணமா கட்டலாம். 3,000த்துக்குக் கீழ எதுவுமே வேண்டாம். எங்க பக்கம் அடுத்தடுத்து நாலு சின்ன லேஅவுட் இருக்கு, நாலுலயும் சேர்த்து ஒரு பிள்ளை ஓட இடம் கிடையாது, ஏன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. பணம் கட்டுனா ரசீது கிடைக்கும், மண்ணு கிடைக்குமா? இந்த விதியை மாத்தணும்னு நான் இன்னிக்கும் சொல்வேன். எங்களோடது ஆறு ஏக்கர், 600 சென்ட், ரோட்டுக்கு 180 போக 420, அதுல பத்துல ஒண்ணு 42 சென்ட். பிளான்லயும் சரியா அதான் இருந்துச்சு.

வக்கீல் சொன்ன இன்னொண்ணு, 1991ல உச்ச நீதிமன்றம் பெங்களூர் வழக்கு ஒண்ணுல பூங்காவுக்கு ஒதுக்குன இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு, கேஸ் போட்டது அங்க குடியிருந்த மக்கள்தான். அதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு தெம்பு வந்துச்சு, அப்புறம் போட்ட எல்லா மனுவுலயும் அதை ஒரு வரி சேர்த்தோம்.

தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டேன், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பதிவுத் தபால்ல. இங்க ஒரு விஷயம் கவனிங்க, ஏன் பராமரிக்கல, எப்ப செய்வீங்கன்னு எல்லாம் அதுல கேக்காதீங்க, அவங்ககிட்ட இருக்கற காகிதத்தோட நகலை மட்டும் கேளுங்க. நான் கேட்டது நாலு. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரத்தோட எண்ணும் தேதியும், சொத்துப் பதிவேட்டுல அந்த இடம் இருக்கற பக்கம், பட்டா மாறியிருந்தா அந்த உத்தரவு. 30 நாள்ல பதில் வரணும், வரல. முப்பத்தி ஒண்ணாவது நாள் முதல் மேல்முறையீடு எழுதிட்டேன், தள்ளிப் போடவே இல்ல. அதுக்கப்புறம்தான் ஏழு பக்கம் வந்துச்சு, பக்கத்துக்கு 2 ரூபாய்.

அந்த ஏழு பக்கத்தைத் திண்ணையில உக்காந்து படிச்சது மறக்காது. தானப் பத்திரம் 2009லயே பதிவாயிருக்கு, ரோடும் பூங்காவும் சேர்த்து. ஆனா பட்டா மாறவே இல்ல! பதிமூணு வருஷமா பழைய நிலத்துக்காரர் பேர்லயே கிடக்கு. அவர் காலமாயிட்டார், வாரிசுங்க பட்டாவைப் பார்த்து நம்ம இடம்தானேன்னு நினைச்சு விலை பேசியிருக்காங்க. அவங்களை மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல, அன்னிக்கே ஒரு விண்ணப்பம் குடுத்து பேர் மாத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துல தானப் பத்திர நகலோட ஆட்சேபனை மனு குடுத்தோம். உள்ளாட்சிக்குச் சொந்தமான இடத்தை மத்தவங்க பத்திரம் பண்ண வந்தா பதிவை மறுக்கறதுக்கு பதிவுச் சட்டத்துல 22-அ பிரிவு இருக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதுங்க. ஒப்புகை வாங்காம வராதீங்க. வில்லங்கம், அதாவது ஒரு இடத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாயிருக்குங்கற விவரம், ஆன்லைன்ல காசு கட்டாமலே பார்க்கலாம், மாசம் ஒரு தடவை சர்வே நம்பரைப் போட்டு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

பட்டாவுக்கு ஊராட்சிதான் விண்ணப்பிக்கணும், நாம குடுக்க முடியாது. அவங்களைக் குடுக்க வைக்க கிராம சபைதான் கை குடுத்துச்சு. 2023 மே 1 சபைக்கு எங்க நகர்லருந்து அறுபது பேர் போனோம், வழக்கமா ரெண்டு பேர் கூட போகமாட்டோம். ஆச்சியும் ஆட்டோ பிடிச்சு வந்துட்டாக. தீர்மானம் நோட்டுல எழுதுறப்ப "பூங்கா பராமரிப்பு"ன்னு பொதுவா எழுதப் பார்த்தாங்க, நாங்க விடல, சர்வே நம்பர், பத்திர எண், 42 சென்ட், பட்டா மாற்றம் எல்லாம் வார்த்தை வார்த்தையா வரணும்னு நின்னு எழுத வச்சுத்தான் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாலுகா ஆபீஸ்னு அஞ்சு மாசம் ஓடுச்சு. நடுவுல ரெண்டு திங்கக்கிழமை சிவகங்கைக்குப் போயி கலெக்டர் குறைதீர் நாள்லயும் மனு குடுத்தோம். அதை விரிவா சொல்ல ஒண்ணுமில்ல, வரிசையில நிக்கறதுதான்.

பூங்கா இடத்தை அளந்து தனி உட்பிரிவா பிரிக்க சர்வேயர் வந்த நாளைத்தான் சொல்லணும். வடகிழக்கு மூலைக் கல்லைக் காணோம். பிளான்படி இருக்க வேண்டிய இடத்துல இடுப்பளவு கட்டடக் குப்பை. எங்க தெருப் பசங்க நாலு பேர் சட்டையைக் கழட்டிப் போட்டு மம்மட்டி எடுத்தாங்க. முக்கால் மணி நேரம் அள்ளுனதுக்கப்புறம் கடப்பாரை ணங்குனு ஒரு சத்தம். சர்வேயர் சார் குனிஞ்சு கையாலயே மண்ணைத் தட்டுனார், கருங்கல்லு, தலையில பிளஸ் மாதிரி வெட்டுன குறி. "இந்தா இருக்குல்ல"ன்னார். பதினாலு வருஷம் குப்பைக்கடியில அது பாட்டுக்கு அங்கயே இருந்திருக்கு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அளந்து முடிச்சா 39 சென்ட்தான் காலி, தெக்கு ஓரத்துல 3 சென்ட்ல பக்கத்து இடத்துக்காரர் மாட்டுக் கொட்டகை போட்டிருக்கார்.

2023 அக்டோபர்ல பட்டா ஊராட்சி பேருக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் கம்பிவேலி நாங்களே வீட்டுக்கு 2,000 ரூபாய் போட்டுக் கட்டுனோம், ஊராட்சி அனுமதிக் கடிதம் குடுத்துச்சு. மரம் நட அவசரப்படல, 2024 ஐப்பசி மழை வரைக்கும் காத்திருந்தோம். எங்க பக்கம் ஒரு அடி தோண்டுனாலே செம்புறாங்கல் வந்துரும், மம்மட்டி இறங்காது. அதனால முதல் நாளே குழியில தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலையில கடப்பாரையால குத்தி ரெண்டடி ஆழம் எடுத்தோம். வேம்பு, புங்கம், பூவரசு, நாவல், மருதுன்னு 40 கன்னு. காரைக்குடிக்குப் பேர் வரக் காரணம்னு சொல்ற காரைச்செடி ஒண்ணாவது வைக்கணும்னு ஆச்சி ஆசைப்பட்டாக, நர்சரியில கிடைக்கல, அவுக சொந்த ஊர் கோயில் காட்டுலருந்து ஒரு கன்னு எடுத்துட்டு வந்து வாசல் பக்கம் வச்சாச்சு. முள்ளுச்செடிய எதுக்கு வைக்கறீங்கன்னு சிலர் கேட்டாங்க. இருக்கட்டும், ஊர் பேர் எங்கருந்து வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்குக் கண்ணால காட்ட வேண்டாமா?

நடுவுல பாதி இடத்தை ஒண்ணும் செய்யாம மண்ணாவே விட்டுட்டோம். டைல்ஸ் நடைபாதை, செயற்கைப் புல்லு, நீரூத்துன்னு கேட்டவங்க இருக்காங்க, நான் ஒத்துக்கல. மண்ணு இருந்தாத்தான் மழைத்தண்ணி இறங்கும், பிள்ளைங்களும் விழுந்து எந்திரிச்சு விளையாடும்.

கொட்டகை இன்னும் போகல. ரெண்டு நோட்டீஸ் போயிருக்கு, நேர்லயும் பேசிட்டு இருக்கோம், கன்னு போட்ட மாடு ஒண்ணு நிக்குதுன்னு கொஞ்ச நாள் கேட்டிருக்கார். 40 கன்னுல 31 பிழைச்சிருக்கு. போர் போட்டுத் தரச் சொல்லி ஊராட்சியில மனு குடுத்திருக்கோம், அது வர்ற வரைக்கும் வீட்டுக் குழாய்லருந்துதான் ஹோஸ் இழுத்து ஊத்துறோம், நாளுக்கு ரெண்டு வீடுன்னு முறை வச்சிருக்கு. எங்களுக்குத் திங்களும் வியாழனும்.