ஜோன் 3 சரி, உங்க வீட்டுக்கு கீழ என்ன மண்ணு?

ஃப்ளாட் வாங்கறவங்க நெறைய பேரு "நிலநடுக்க ஆபத்துக்கு ஏத்த மாதிரி நாட்ட பிரிச்ச ஜோன்கள்ல சென்னை மொத்தமும் ஜோன் 3 தானே, கிண்டியா இருந்தா என்ன தண்டையார்பேட்டையா இருந்தா என்ன"ன்னு கேக்குறாங்க. ஜோன் ஒண்ணுதான், ஆட்டம் ஒண்ணா இருக்காது. கிண்டி, பரங்கிமலை பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டிடும், தண்டையார்பேட்டை மாதிரி நம்ம வடசென்னை பக்கம் போர் போட்டா மணலு, களிமண்ணு, திரும்ப மணலுன்னு வந்துட்டே இருக்கும், தண்ணி வேற மேலயே நிக்கும்.

நிலநடுக்க அலை பாறைல வேகமா ஓடி வரும், தொளதொள மண்ணுக்குள்ள நுழைஞ்சதும் வேகம் கொறஞ்சிடும், ஆனா தூக்கிட்டு வந்த சக்தி எங்கயாவது போகணும்ல, ஆட்டம் பெருசாகுது. இது போதாதுன்னு ஒவ்வொரு மண்ணுக்கும் சொந்தமா ஒரு ஆட்ட நேரம், அதாவது ஒரு தடவ ஆடி திரும்ப வர்ற நேரம், இருக்கு. மண்ணோட ஆழத்த 4ஆல பெருக்கி, ஷியர் அலை (மண்ண பக்கவாட்டுல ஆட்டற நிலநடுக்க அலை) அதுல போற வேகத்தால வகுத்தா வந்துடும். 20 மீட்டர் ஆழம், செகண்டுக்கு 200 மீட்டர் வேகம்னா 0.4 செகண்டு. கட்டடத்துக்கு தோராயமா மாடிக்கு 0.1 செகண்டுன்னு வச்சா நாலு மாடி வீடு வசமா மாட்டும், ரெண்டும் ஒரே தாளத்துல ஆடும்.

1985ல மெக்ஸிகோ சிட்டில இதான் ஆச்சு. நிலநடுக்கம் வந்தது 350 கிலோமீட்டருக்கு அந்தாண்ட கடலோரத்துல, ஆனா ஊரோட ஒரு பாதி பழைய ஏரி களிமண்ணு மேல உக்காந்திருக்கு, அதோட ஆட்ட நேரம் கிட்டத்தட்ட 2 செகண்டு, கட்டடம் ஆடி விரிசல் விட விட அதோட ஆட்ட நேரமும் நீளும், அதனால 6லேர்ந்து 15 மாடி வரைக்கும் இருந்த கட்டடங்கதான் அதிகமா அடி வாங்குச்சு. அதே ஊர்ல பாறை மேட்டுல இருந்தவங்களுக்கு பெருசா சேதமில்ல. "எங்கயோ தூரத்துலதானே வருது"ன்னு நெனைக்கிறவங்க இத படிக்கணும்.

இங்கயும் 2001 செப்டம்பர் 25 புதுச்சேரி பக்கம் கடலுக்குள்ள 5.5 அளவுல வந்து சென்னை ஆடுச்சு. அடுத்த வருஷம் வந்த நிலநடுக்க கட்டட விதிப் புத்தகத்துலதான் (கோடு) நம்மள ஜோன் 2லேர்ந்து 3க்கு மாத்துனாங்க. அந்த கோடே 1 செகண்டு ஆட்ட நேரமுள்ள கட்டடத்துக்கு நிலநடுக்க விசை பாறைல 1ன்னா மென்மண்ணுல 1.67ன்னு கணக்கு போட சொல்லுச்சு, அதாவது 67 சதவீதம் கூட.

"பைல் போட்டாச்சு சார், கவலையே படாதீங்க"ன்னு பில்டர் சொல்லுவாங்க. பைல்னா மண்ணுக்குள்ள ஆழமா எறக்கற அஸ்திவார தூணு. பைல் கட்டடத்தோட எடைய கீழ இருக்கற கெட்டி மண்ணுக்கு எறக்கும், சுத்தி இருக்கற மண்ணு ஆடறத அது நிறுத்தாது. காசிமேடு, எண்ணூர் மாதிரி கடலோரத்துல தண்ணி ஊறுன லூஸ் மணலா இருந்தா இன்னொரு தலைவலி, பலமா குலுங்குனா அது கூழாயிடும்.

சாயில் டெஸ்ட் ரிப்போர்ட்ட கேட்டு வாங்குங்க. அதுல N வேல்யூன்னு ஒரு காலம் இருக்கும், 63.5 கிலோ சுத்தியல 75 சென்டிமீட்டர் மேலேர்ந்து போட்டு ராடு 30 சென்டிமீட்டர் எறங்க எத்தன அடின்னு அர்த்தம். 10க்கு கீழயே வரிசையா இருந்தா மண்ணு தொளதொளன்னு அர்த்தம், கார் பார்க்கிங்குக்காக கீழ வெறும் தூணு மட்டும் விட்டிருக்காங்களான்னு பாத்துட்டு, ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் எந்த மண்ணு வகைக்கு டிசைன் பண்ணாருன்னு நேராவே கேளுங்க.